தள்ளாடும் மலிவுக் கட்டண விமானக் கம்பெனியில் பணம் போடலாமா? ஸ்பைஸ்ஜெட்டை வைத்துச் சில கேள்விகளும் பதில்களும்

சில்லறை விலைக்குக் கிடைக்கும் விமானப் பங்கு என்றாலே ஸ்பைஸ்ஜெட் பெயர் அடிபடும். 2005 மே மாதம் பறக்கத் தொடங்கிய கம்பெனி இது. 2010 முதல் 2015 தொடக்கம் வரை சன் குழுமத்தின் கலாநிதி மாறன் வசம் இருந்தது, அதன்பிறகு அஜய் சிங் வசம். 2019-ல் உள்நாட்டில் பறந்தவர்களில் நூற்றுக்குச் சுமார் 15 பேர் இதில் பறந்தார்கள். 2025 நடுவில் அது சுமார் 2 பேர். இந்தப் பங்கை எடைபோடும்போது திரும்பத் திரும்ப எழும் கேள்விகளை எடுத்துக்கொள்வோம்.

முதலில் எதைப் பார்ப்பது? லாப நஷ்டக் கணக்கையா?

இல்லை, விமானங்களை எண்ணுங்கள். கம்பெனியின் பெயரில் எத்தனை விமானம் இருக்கிறது என்பதைவிட இன்று காலை எத்தனை கிளம்பின என்பதுதான் முக்கியம். முதலீட்டாளர்களுக்கான விளக்கக் காட்சியில் போடுவது முதல் எண்ணிக்கை. இரண்டாவதை நாம்தான் தேட வேண்டும். விமானங்களைப் பின்தொடரும் இலவசத் தளங்களில் பதிவெண்ணைப் போட்டால், அந்த விமானம் கடைசியாக எப்போது பறந்தது என்று தெரிந்துவிடும். முப்பது நாற்பது பதிவெண்களைப் பார்க்க ஒரு மணி நேரம் போதும். மூன்று மாதம் அசையாமல் நிற்கும் விமானத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

நிற்கும் விமானம் சும்மா நிற்பதில்லை. பறந்தாலும் பறக்காவிட்டாலும் குத்தகை வாடகை ஏறிக்கொண்டே போகும். நிறுத்தக் கட்டணமும் உண்டு. போதாக்குறைக்கு, பறக்கும் விமானத்துக்கு ஒரு பாகம் தேவைப்பட்டால் நிற்கும் விமானத்திலிருந்து கழற்றி மாட்டுவது வழக்கம். முதல் மாதம் ஒரு பம்ப், அடுத்த மாதம் தரையிறங்கும் சக்கரத்தின் ஒரு பகுதி, பிறகு இன்ஜினே போய்விடும். ஒரு வருடம் கழித்து அதைத் திரும்பப் பறக்கவைக்க வாடகை பாக்கியைத் தீர்த்தால் மட்டும் போதாது. கழற்றிய ஒவ்வொன்றையும் வாங்கிப் பூட்ட வேண்டும், ஆவணங்களைச் சரிசெய்ய வேண்டும், விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ.விடம் தகுதிச் சான்று வாங்க வேண்டும். "இத்தனை விமானங்களை மீண்டும் பறக்கவிடப் போகிறோம்" என்ற அறிவிப்பு வந்தால், பணம் எங்கிருந்து வருகிறது என்பதோடு இன்ஜின் எங்கிருந்து வருகிறது என்றும் கேளுங்கள்.

இருக்கைகள் 87 சதவீதம் நிரம்புகின்றன என்கிறார்கள். பிறகு ஏன் நஷ்டம்?

நிரம்பும் விகிதம் தனியாக எதையும் சொல்லாது. டிக்கெட்டைப் பாதி விலைக்கு விற்றால் எந்த விமானமும் நிரம்பும். பார்க்க வேண்டியவை இரண்டு: ஓர் இருக்கையை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோவதில் வரும் வருமானம், அதற்கு ஆகும் செலவு. துறையில் இவற்றை ராஸ்க், காஸ்க் என்பார்கள்.

ஒரு மாதிரிக் கணக்கு. எண்கள் புரிதலுக்காகப் போட்டவை. சென்னை–டெல்லி சுமார் 1,760 கிலோமீட்டர். 189 இருக்கைகள் கொண்ட போயிங் 737-800 ஒருமுறை போனால் 3,32,640 இருக்கை-கிலோமீட்டர். ஒரு பயணியிடமிருந்து கிலோமீட்டருக்கு 5.30 ரூபாய் கிடைக்கிறது, விமானம் 87 சதவீதம் நிரம்புகிறது என்றால் ராஸ்க் ஏறக்குறைய 4.60 ரூபாய். காஸ்க் 4.90 ரூபாய் என்றால் இருக்கை-கிலோமீட்டருக்கு 30 பைசா இடிக்கிறது. ஒரு நடைக்கு ஒரு லட்சம் ரூபாய் நஷ்டம். 4.90-ஐ 5.30-ஆல் வகுத்துப் பாருங்கள்: கை கடிக்காமல் இருக்கவே 92 சதவீதத்துக்கு மேல் நிரம்ப வேண்டும்.

காஸ்க்கைக் குறைக்க ஒரே நேர்வழி, ஒரு விமானத்தை ஒரு நாளில் அதிக நேரம் பறக்கவிடுவது. நன்றாக ஓடும் மலிவுக் கட்டணக் கம்பெனி ஒரு விமானத்தை நாளுக்கு 12 மணி நேரத்துக்கு மேல் பறக்கவிடும், தரையிறங்கி அரை மணிக்குள் திரும்பக் கிளப்பும். தள்ளாடும் கம்பெனியில் மாற்று விமானம் இருக்காது. காலையில் ஒன்று பழுதானால் இரவு வரை ஐந்து நடை தாமதமாகும், கடைசி நடை ரத்தாகும். தலைமை அலுவலகம், சிமுலேட்டர், தரைப் பணியாளர் என்று நிலையான செலவுகளையும் இருபது விமானங்கள்தான் சுமக்க வேண்டும், முன்பு எண்பது சுமந்ததை. மலிவுக் கட்டணம் என்ற பெயர் மட்டும் மிஞ்சும், செலவு மலிவாக இருக்காது.

எரிபொருள் விலை இறங்கினால் சரியாகிவிடாதா?

உதவும். இந்திய விமானக் கம்பெனிகளின் இயக்கச் செலவில் ஏறக்குறைய 40 சதவீதம் விமான எரிபொருள்தான். எண்ணெய் நிறுவனங்கள் ஒவ்வொரு மாதமும் முதல் தேதி விலையை மாற்றுகின்றன. ஜி.எஸ்.டி.க்குள் இது வரவில்லை, மாநிலங்கள் தனியாக வாட் போடுகின்றன. மேலே சொன்ன சென்னை–டெல்லி நடைக்குச் சுமார் 8,000 லிட்டர் எரியும். லிட்டருக்கு 5 ரூபாய் குறைந்தால் 40,000 ரூபாய் மிச்சம். ஒரு லட்சம் இடிக்கும் இடத்தில் இது பாதியைக்கூட அடைக்காது. அதோடு விலை இறங்குவது எல்லாக் கம்பெனிக்கும்தான். இண்டிகோ கட்டணத்தைக் குறைத்தால் அந்த மிச்சமும் பயணிக்குப் போய்விடும்.

ரூபாய் சரிவதுதான் இதைவிட மோசம். வாடகை, இன்ஜின் பராமரிப்பு, உதிரிபாகம் எல்லாம் டாலரில் போகின்றன, டிக்கெட் பணம் ரூபாயில் வருகிறது. டாலர் பாக்கி 40 கோடி என்று வையுங்கள். டாலருக்கு ஒரு ரூபாய் கூடினால், ஒரு விமானமும் கிளம்பாமலே 40 கோடி ரூபாய் நஷ்டம் கணக்கில் ஏறும்.

ஒரு காலாண்டில் நல்ல லாபம் காட்டினார்களே?

2025 ஜனவரி–மார்ச் காலாண்டில் ஸ்பைஸ்ஜெட் 319 கோடி ரூபாய் லாபம் காட்டியது. அடுத்த காலாண்டில் 234 கோடி நஷ்டம். மூன்று மாதத்தில் தொழில் இப்படித் தலைகீழாகாது. எனவே லாபத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் "இதர வருமானம்" என்ற வரிக்குப் போங்கள். 500 கோடி பாக்கியை 300 கோடிக்குப் பேசி முடித்தால், மீதி 200 கோடி வருமானமாக எழுதப்படும். நல்லதுதான், ஆனால் அது டிக்கெட் விற்று வந்த பணமில்லை, அடுத்த காலாண்டில் திரும்ப வராது. அடுத்து அந்நியச் செலாவணி வரி. குத்தகைக் கணக்கு விதியான இண்ட்-ஏ.எஸ். 116 வந்தபின் வருங்கால வாடகை முழுவதும் கடனாக இருப்புநிலைக் குறிப்பில் உட்காருகிறது. டாலரில் உள்ள அந்தக் கடனின் ரூபாய் மதிப்பு காலாண்டுக்குக் காலாண்டு ஆடும். இந்த இரண்டையும் கழித்துவிட்டு மிஞ்சுவதைப் பாருங்கள். பெரும்பாலும் அதுவே உண்மை நிலை.

இன்னொரு கண்ணி, தாய் கம்பெனியின் தனிக் கணக்குக்கும், துணை நிறுவனங்களையும் சேர்த்துத் தொகுத்த கணக்குக்கும் உள்ள வித்தியாசம். 2023-ல் ஸ்பைஸ்ஜெட் தன் சரக்குப் பிரிவை ஸ்பைஸ்எக்ஸ்பிரஸ் என்ற துணை நிறுவனத்துக்குச் சுமார் 2,555 கோடி ரூபாய் மதிப்பில் மாற்றியது. தாய் கம்பெனியின் தனிக் கணக்கில் இது பெரிய ஆதாயம். வலது பையிலிருந்து இடது பைக்கு மாற்றியதால் வீட்டுக்குப் பணம் கூடியதா? தொகுத்த கணக்கை மட்டும் படித்தால் இந்தக் குழப்பம் வராது.

இதற்கெல்லாம் முன்னால் தணிக்கையாளர் அறிக்கையைத் திறந்து, கம்பெனி தொடர்ந்து இயங்குவதில் "குறிப்பிடத்தக்க நிச்சயமின்மை" என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். ஸ்பைஸ்ஜெட் அறிக்கைகளில் இது வருடக்கணக்காக இருந்துவந்தது. அந்தக் குறிப்பு நீங்கும் காலாண்டு, லாபம் வந்த காலாண்டைவிடப் பெரிய செய்தி.

யாருக்குப் பாக்கி என்பது ஏன் முக்கியம்? பாக்கி பாக்கிதானே?

இல்லவே இல்லை. சில கடன்காரர்கள் காத்திருப்பார்கள், சிலர் மறுநாளே விமானத்தை நிறுத்திவிடுவார்கள். எண்ணெய் நிறுவனமும் விமான நிலையமும் இரண்டாம் ரகம். கடன் வசதியை நிறுத்தி "காசு வைத்தால் எரிபொருள்" என்று சொல்லிவிட்டால், தினமும் காலையில் கையிருப்பு வேண்டும். 2014 டிசம்பர் 17 அன்று எண்ணெய் நிறுவனங்கள் கையை விரித்ததால் ஸ்பைஸ்ஜெட் விமானங்கள் பல மணி நேரம் கிளம்பவில்லை. அன்று மொத்தக் கடன் எவ்வளவு என்பதா பிரச்சினை? ஒரே ஒரு தரப்பு மறுத்ததுதான்.

விமானத்தைக் குத்தகைக்கு விட்டவர்களைவிட இன்ஜினைக் குத்தகைக்கு விட்டவர்களைக் கவனிக்க வேண்டும். இன்ஜினும் விமான உடலும் ஒரே ஆளுடையதாக இருக்க வேண்டியதில்லை. 2024 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம் மூன்று இன்ஜின்களை நிறுத்தி, உரிமையாளர்களிடம் ஒப்படைக்க ஸ்பைஸ்ஜெட்டுக்கு உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது. இன்ஜின் போனால் வாடகை ஒழுங்காகக் கட்டிய விமானமும் நிற்கும்.

சிறிய பாக்கி என்று அலட்சியமும் கூடாது. சுவிட்சர்லாந்தின் எஸ்.ஆர். டெக்னிக்ஸ் இன்ஜின் பராமரிப்புக்காகக் கேட்ட 2.4 கோடி டாலருக்கு மேற்பட்ட தொகையை வசூலிக்கும் உரிமை கிரெடிட் சூயிஸ் வங்கியிடம் இருந்தது. ஆயிரக்கணக்கான கோடி புரளும் கம்பெனிக்கு இது பெரிய தொகையில்லை. ஆனால் 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இந்தப் பாக்கிக்காகக் கம்பெனியையே கலைக்க உத்தரவிட்டது. 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தடை கொடுத்ததால் தப்பியது. பிறகு சமரசமானது, 2023-ல் அந்தத் தவணையும் தாமதமாகி உச்ச நீதிமன்றத்தின் கண்டிப்புக்கு ஆளானது.

ஊழியர் பி.எஃப்., டி.டி.எஸ்., ஜி.எஸ்.டி. ஆகியவை அளவில் சிறியவை. இவை பாக்கி விழத் தொடங்கினால், வேறு எங்கும் கடன் கிடைக்காத நிலைக்குக் கம்பெனி வந்துவிட்டது என்று பொருள். இதைவிடத் தெளிவான அறிகுறி எனக்குத் தெரிந்து வேறில்லை.

புதிதாக 3,000 கோடி திரட்டினார்கள். அது நல்ல செய்திதானே?

கம்பெனிக்கு நல்ல செய்தி. உங்களுக்கா என்று கணக்குப் போட்டுத்தான் சொல்ல முடியும்.

2022-ல் சுமார் 60 கோடி பங்குகள் இருந்தன. 2023-ல் குத்தகை நிறுவனமான கார்லைல் ஏவியேஷன் பாக்கியில் ஒரு பகுதியைத் தலா 48 ரூபாய்க்குப் பங்காக மாற்றிக்கொண்டது. 2024 தொடக்கத்தில் தலா 50 ரூபாய்க்கு முன்னுரிமை ஒதுக்கீட்டில், அதாவது தேர்ந்தெடுத்த சிலருக்கு மட்டும் பங்கு கொடுத்ததில், 1,060 கோடி வந்தது. 2024 செப்டம்பரில் பெருநிறுவன முதலீட்டாளர்களிடம் கியூ.ஐ.பி. வழியாகத் தலா 61.60 ரூபாய்க்கு 3,000 கோடி. எல்லாம் முடிந்தபோது பங்குகள் சுமார் 128 கோடி. 2022-ல் கம்பெனியில் ஒரு சதவீதம் வைத்திருந்தவருக்கு அரை சதவீதத்துக்கும் குறைவாகவே மிஞ்சியது. அவர் ஒரு பங்கைக்கூட விற்கவில்லை.

இப்போது விலையைப் பாருங்கள். பங்கு 40 ரூபாய் என்று வைத்தால், 60 கோடி பங்குகளுக்கு மொத்தக் கம்பெனியின் சந்தை மதிப்பு 2,400 கோடி. 128 கோடி பங்குகளுக்கு 5,120 கோடி. "இரண்டு வருடத்துக்கு முன் இருந்த அதே விலைதான், மலிவு" என்பவர் கம்பெனிக்கு இரட்டிப்பு விலை கொடுக்கிறார்.

வந்த பணம் எங்கே போகிறது என்பது அடுத்தது. பங்கு வெளியீட்டு ஆவணத்தில் பயன்பாட்டுப் பட்டியல் இருக்கும். பழைய வாடகை, சட்டப்படியான பாக்கிகள், வழக்குச் சமரசம் என்று பெரும்பகுதி போனால் அது ஓட்டையை அடைக்கும் பணம். புது விமானம் எடுக்கப் போகும் பணம்தான் வருமானம் ஈட்டும். கியூ.ஐ.பி.யில் வாங்கியவர்கள் மறுநாளே சந்தையில் விற்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம். முன்னுரிமை ஒதுக்கீட்டில் வாங்கிய வெளியாருக்கு ஆறு மாதப் பூட்டு உண்டு. அந்த ஆறு மாதம் முடியும் தேதியைக் குறித்துவைப்பது நல்லது.

2015-ல் இதே கம்பெனி எழுந்து நின்றதே. 13 ரூபாயிலிருந்து 150 ரூபாய் போனதே?

போனது உண்மை. 2014 டிசம்பரில் 13, 14 ரூபாயில் கிடந்த பங்கு 2017 கடைசியில் 150-ஐத் தொட்டது. இன்று வாங்குபவர் பலர் மனதில் இருப்பது அந்த ஓட்டம்தான். மாறன் தரப்பு தன் 58.46 சதவீதப் பங்கை வெறும் 2 ரூபாய்க்குக் கைமாற்ற, கடன்களோடு அஜய் சிங் ஏற்றுக்கொண்டார்.

அப்போது நடந்தது என்ன? 2014 ஜூனில் பீப்பாய்க்கு 115 டாலர் அளவில் இருந்த பிரென்ட் கச்சா எண்ணெய், 2015 ஜனவரியில் 50 டாலருக்குக் கீழே விழுந்தது. முன்பு பார்த்த கணக்கில் இது லிட்டருக்கு 5 ரூபாய் சமாச்சாரமில்லை. நல்ல நிலையில் இருந்த விமானங்கள் கையில் இருந்தன, குத்தகைக்காரர்கள் பேச்சுக்கு வந்தார்கள். இண்டிகோ பெரியதாக இருந்தாலும் சந்தையில் மூன்றில் ஒரு பங்கைச் சற்றுத் தாண்டியே இருந்தது.

இப்போது இண்டிகோவிடம் 60 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது, இன்னொரு பக்கம் டாடா குழுமத்தின் ஏர் இந்தியா. நல்ல நேரங்களின் புறப்பாட்டு இடங்கள் பெரிய விமான நிலையங்களில் மற்றவர்களிடம் போய்விட்டன. உலகம் முழுவதும் விமானத்துக்கும் இன்ஜினுக்கும் தட்டுப்பாடு. எனவே குத்தகைக்கு விட்டவர், பாக்கி வைப்பவரிடமிருந்து பிடுங்கி வேறொருவருக்கு அதிக வாடகைக்குக் கொடுத்துவிடலாம். பொறுமை காட்ட அவருக்கு அவசியமில்லை. 2015 மாதிரி மீட்சி நடக்கவே நடக்காது என்று சொல்லவில்லை. ஆனால் அன்று கைகொடுத்தவற்றில் எது இன்று இருக்கிறது என்று எழுதிப் பார்த்தால் காகிதம் பெரும்பாலும் காலியாக இருக்கும்.

திவாலானால் பங்குதாரருக்கு என்ன கிடைக்கும்?

திவால் சட்டத்தின் 53-வது பிரிவு வரிசை வைத்திருக்கிறது. நடைமுறைச் செலவு, பிணை வைத்துக் கடன் கொடுத்தவர், தொழிலாளர் சம்பளம், பிணையில்லாக் கடன், அரசுப் பாக்கி என்று போய், முன்னுரிமைப் பங்குக்கும் பின்னால் கடைசியில் நிற்பவர் சாதாரணப் பங்குதாரர். தொழிற்சாலை என்றால் நிலமாவது இருக்கும். விமானக் கம்பெனியின் விமானங்களே பெரும்பாலும் அதற்குச் சொந்தமில்லை. 2019 ஏப்ரலில் நின்ற ஜெட் ஏர்வேஸை ஐந்தரை ஆண்டு இழுத்தபின், 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கலைக்கச் சொன்னது.

சட்டமும் மாறிவிட்டது. கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதம் திவால் மனு போட்டபோது, சொத்துகளைத் தொடக்கூடாது என்ற தடையால் குத்தகைக்காரர்கள் ஒரு வருடம் விமானங்களை எடுக்க முடியாமல் தவித்தார்கள். 2024 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றம் 54 விமானங்களின் பதிவை நீக்கச் சொன்னது. 2025 ஜனவரியில் கம்பெனி கலைப்புக்குப் போனது. இதற்கிடையில் 2023 அக்டோபரிலேயே விமானத்துக்கும் இன்ஜினுக்கும் அந்தத் தடை பொருந்தாது என்று மத்திய அரசு அறிவித்துவிட்டது. 2025-ல் விமான உரிமையாளர் நலன் காக்கத் தனிச் சட்டமும் வந்தது. ஆகவே இனி திவால் மனு போட்டு விமானங்களைப் பிடித்து வைத்துக்கொண்டு பேரம் பேச முடியாது.

"கம்பெனி பிழைத்தால் பங்கும் பிழைக்கும்" என்பவர்கள் அமெரிக்காவின் ஸ்பிரிட் ஏர்லைன்ஸைப் பார்க்கலாம். 2024 நவம்பரில் திவால் பாதுகாப்புக்குப் போனது, விமானங்கள் பறந்துகொண்டே இருந்தன, 2025 மார்ச்சில் வெளியே வந்தது. கடன் கொடுத்தவர்கள் புதிய பங்குகளின் சொந்தக்காரர்கள் ஆனார்கள். பழைய பங்குகள் ரத்து. ஆகஸ்டில் மறுபடி திவால் மனு.

மாறன் வழக்கு இன்னும் பங்கைப் பாதிக்குமா?

முன்போல இல்லை. 2015-ல் கம்பெனி கைமாறியதையொட்டி எழுந்த பணத் தகராறு இது. 2018-ல் நடுவர் மன்றம் மாறன் தரப்புக்கு 579 கோடி ரூபாயை வட்டியோடு திருப்பித் தரச் சொன்னது. இழப்பீட்டுக் கோரிக்கையை நிராகரித்தது. 2024 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்ற அமர்வு, அந்தத் தீர்ப்பை உறுதிசெய்த தனி நீதிபதியின் உத்தரவை ரத்து செய்து மறுவிசாரணைக்கு அனுப்பியது. 1,300 கோடிக்கு மேல் இழப்பீடு கேட்ட மாறன் தரப்பு மனு 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தில் தள்ளுபடியானது. இத்தகைய வழக்குகளை ஆண்டறிக்கையில் "நிகழ்வுசார் கடன்கள்" (தோற்றால் கொடுக்க வேண்டி வரும் தொகைகள்) என்ற குறிப்பில் தேடுங்கள்.

போட்டிக் கம்பெனிக்குச் சிக்கல் வந்தால் இதற்கு லாபம்தானே?

2025 டிசம்பரில் விமானிகளின் பணிநேர விதியால் இண்டிகோ ஆயிரக்கணக்கான நடைகளை ரத்து செய்தது. அரசு அதன் அட்டவணையில் 10 சதவீதத்தை வெட்டியது. ஸ்பைஸ்ஜெட் பங்கு உடனே துள்ளியது. ஆனால் காலியான இடத்தில் ஓட்ட விமானம் வேண்டுமே. விமானியோடு சேர்த்து வெளிநாட்டிலிருந்து சீசனுக்கு வாடகைக்கு எடுக்கலாம். பறக்கும் ஒவ்வொரு மணிக்கும் அதற்கு ஆகும் செலவு சாதாரணக் குத்தகையைவிடக் கூடுதல், விமானமும் ஏப்ரலில் திரும்பிப் போய்விடும். இப்படிப்பட்ட நாளில் துள்ளும் விலைக்கு வாங்குவதைவிட அன்று விற்பது நல்லது.

டி.ஜி.சி.ஏ. கண்காணிப்பில் வைத்தால் எவ்வளவு பாதிப்பு?

2022 ஜூலையில் அடுத்தடுத்துப் பழுதுகள் வந்ததால், அனுமதித்த புறப்பாடுகளில் 50 சதவீதம் மட்டுமே இயக்கலாம் என்று எட்டு வாரத்துக்கு உத்தரவு வந்தது. பிறகு அக்டோபர் கடைசி வரை நீண்டது. செலவு பாதியாகவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

எதை, எந்த இடைவெளியில் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்?

மாதாமாதம் டி.ஜி.சி.ஏ.வின் உள்நாட்டுப் பயணிகள் அறிக்கை: சந்தைப் பங்கு, ரத்து விகிதம், நேரம் தவறாமை. மூன்றும் சேர்ந்து கெட்டால் விமானத் தட்டுப்பாடு. காலாண்டுக்கு ஒருமுறை பங்குதாரர் விவரம்: புரமோட்டர் அடகு வைத்த பங்குகள் கூடுகின்றனவா? முடிவுகள் வெளிவரும் தேதியும் ஒரு தகவல்தான். காலக்கெடு தாண்டித் தாண்டி வெளியிடும் கம்பெனியில் தணிக்கையாளரோடு ஏதோ இழுபறி. நிதி அதிகாரி விலகினால் காரணத்தைப் படியுங்கள், "சொந்தக் காரணம்" இரண்டு வருடத்தில் இரண்டு முறை வந்தால் சந்தேகப்படுங்கள். தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்தின் இணையதளத்தில் கம்பெனி பெயரைப் போட்டால் யார் யார் திவால் மனு போட்டிருக்கிறார்கள் என்று தெரியும். ஏற்கப்படாத மனுக்கள்கூட யார் பொறுமை இழக்கிறார் என்பதைக் காட்டும்.

விலை இறங்க இறங்க வாங்கிச் சராசரி செய்யலாமா?

நல்ல வங்கிப் பங்கில் செய்யலாம். இங்கே வேண்டாம். விலை இறங்குவதே கம்பெனி அடுத்த பணத்தைக் குறைந்த விலைக்குத் திரட்ட வைக்கும், அது பங்கு எண்ணிக்கையைக் கூட்டி விலையை இன்னும் இறக்கும். போடத்தான் வேண்டும் என்றால் முழுதும் போனாலும் தூக்கம் கெடாத தொகையை ஒரே தடவையில் போட்டு, மேலே சொன்ன மாதக் கணக்கில் எது மாறினால் வெளியேறுவது என்று வாங்கும் அன்றே எழுதிவையுங்கள். ஸ்பைஸ்ஜெட் பி.எஸ்.இ.யில் மட்டுமே வர்த்தகமாகிறது. ஒரு நாளில் இறங்க அனுமதித்த கடைசி விலையில் (லோயர் சர்க்யூட்) பூட்டிக்கொண்டால் வாங்க ஆள் இருக்காது.

வாங்கி மாட்டிக்கொண்டாயிற்று. நஷ்டத்தை வரியில் கழிக்க முடியுமா?

விற்றால்தான் முடியும். டீமேட்டில் சிவப்பாகத் தெரிவதை வருமான வரித்துறை நஷ்டமாக எடுத்துக்கொள்ளாது. வாங்கி 12 மாதத்துக்குள் விற்றால் அது குறுகிய கால நஷ்டம். குறுகிய கால, நீண்ட கால ஆதாயம் இரண்டிலும் கழிக்கலாம். 12 மாதம் தாண்டினால் நீண்ட கால ஆதாயத்தில் மட்டும்தான். மீதியை எட்டு ஆண்டு வரை எடுத்துச் செல்லலாம், வருமான வரிக் கணக்கைக் கெடுவுக்குள் தாக்கல் செய்திருந்தால். வர்த்தகம் நிறுத்தப்பட்டுவிட்டால் சந்தையில் விற்கும் வழி அடைந்துவிடும். அதனால் வெளியேறுவது என்று முடிவெடுத்தவர், மார்ச் கடைசி வாரத்துக்குக் காத்திராமல் வாங்குபவர் இருக்கும் நாளிலேயே விற்றுவிட வேண்டும்.